விருந்தும் மருந்தும் நாலு நாள்

மார்ச் 2

என் வீட்டுக்காரருக்கு,

இனிமேல் போன் வேண்டாம். நேற்று நீங்கள் கத்தினீர்கள், நான் வைத்தேன். போன வாரம் நான் கத்தினேன், நீங்கள் வைத்தீர்கள். கடிதத்தில் எவ்வளவு கத்தினாலும் காது வலிக்காது. தபால் வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதற்குள் கோபமும் கொஞ்சம் ஆறும். நீங்கள் போன் அடித்தால் எடுக்க மாட்டேன், நானும் அடிக்க மாட்டேன்.

செய்தி இதுதான். குளிர்கால சீசனுக்கு மட்டும் என்று சொல்லித்தான் சித்தி மகள் என்னை இந்தச் சுற்றுலா அலுவலகத்தில் வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டாள். சீசன் முடிந்துவிட்டது. இப்போது, வழிகாட்டிகள் எல்லோருக்கும் பொறுப்பாக நிரந்தரமாகவே இருந்துவிடுங்கள் என்கிறார்கள். தங்க இரண்டு அறையும் உண்டு. ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது. கொஞ்சநஞ்சம் ஆசை இல்லை, நிறைய.

'நீ கிளம்பி வா' என்று நீங்கள் சொல்வதற்கு முன் ஒரு தடவை வந்து பாருங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். உங்களுக்கு நான் நாலு நாள் தருகிறேன். புருஷனாக வர வேண்டாம், டூரிஸ்டாக வாருங்கள். மற்றவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதல் நாள் எங்கேயும் ஏறக்கூடாது, இந்தக் காற்று உடம்புக்குப் பழக வேண்டும். ஏரியைச் சுற்றி மெதுவாக நடங்கள். மறுநாள் பழைய கல்பாலம், அதைத் தாண்டிக் கம்பளிச் சந்தை. மூன்றாம் நாள் கேபிள் கார். நாலாம் நாள் ஒன்றுமே செய்யக்கூடாது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேகம் எப்போது விலகும் என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும்.

இந்த நாலாம் நாளை யாரும் செய்வதில்லை. மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். மலை முகம் காட்டுவது பெரும்பாலும் அவர்கள் போன பிறகுதான்.

வந்தால் நாலு நாள் இருப்பது போல வாருங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 11

மலைமேல் இருக்கும் மகாராணிக்கு,

போன் வேண்டாம் என்றாய், சரி. எனக்குப் பேனா பிடித்துப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. விரலில் இருக்கிற பல் அச்சு மெழுகெல்லாம் காகிதத்தில் ஒட்டுகிறது. படிக்க முடியாவிட்டால் அது உன் தலையெழுத்து.

கட்டின பெண்டாட்டியைப் பார்க்க நான் டூரிஸ்டாக வர வேண்டுமாம்! நல்ல கூத்து. ஊரெல்லாம் என் கையால் செய்த பல்லை மாட்டிக்கொண்டு சிரிக்கிறது, இந்தக் கடிதத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாகச் சிரிக்கும். கேபிள் கார் வேறு. ஸ்டூல் மேல் ஏறிப் பல்பு மாட்டினாலே எனக்குத் தலை சுற்றும் என்று உனக்குத் தெரியாதா? நீதானே கீழே நின்று காலைப் பிடித்துக்கொள்வாய்? கூடத்துப் பல்பு போய் ஒரு மாதம் ஆகிறது. இருட்டில்தான் சாப்பிடுகிறேன்.

அது கிடக்கட்டும். என் மனசில் முள்ளாக நிற்பது வேறு. கிளம்புகிற அன்று என் வேலையறை வாசலில் நின்று என்ன சொன்னாய்? 'போறேன்' என்றாய். ஜென்ம விரோதிகூட வாசல்படி தாண்டும்போது 'வரேன்' என்றுதான் சொல்வான். சாவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள், அவர்கள்கூடப் 'போறேன்' என்று சொல்வதில்லை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவள் சொல்லுகிற வார்த்தையா அது? அதற்குப் பிறகு இங்கே எந்த வேலையும் ஓடவில்லை. நேற்று ஒருவருக்கு மேல்தாடைப் பல்வரிசையை இடம் வலமாக மாற்றிச் செய்துவிட்டேன். உடைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

பெரியவள் மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். 'நீயாவது அம்மாகிட்ட சொல்லக்கூடாதா?' என்றேன். 'அப்பா, உங்க சண்டைக்கு நான் தபால்காரி இல்ல. நீங்களே பேசிக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உன் பெண்தானே, வேறு எப்படி இருப்பாள்.

முடிவாகச் சொல்கிறேன். நீதான் வர வேண்டும்.

உன் புருஷன்


மார்ச் 19

என் வீட்டுக்காரருக்கு,

ஆமாம், 'போறேன்' என்றுதான் சொன்னேன். நாக்குத் தவறி வரவில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள் பார்ப்போம். வாசலில் வண்டி நிற்கிறது, கையில் பெட்டி. நீங்கள் அரவை மிஷினை ஓடவிட்டு யாருடைய கடைவாய்ப் பல்லையோ தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். 'போயிட்டு வரேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். உங்கள் முதுகு திரும்பவே இல்லை. மிஷினை ஒரு நிமிஷம் நிறுத்த மனசு வராதவரிடம் எதற்கு முழு வாக்கியம் என்று பாதியை வெட்டிவிட்டேன். மிஷின் சத்தத்திலும் அந்தப் பாதி உங்கள் காதில் விழுந்திருக்கிறதே, ஆச்சரியம்தான்!

ஊருக்கே பல் கட்டுகிறீர்கள், உங்களுக்கு மட்டும் சிரிக்க வராது. முன்னறையில் உட்கார்ந்து, 'சார் இப்ப வந்துடுவார், உட்காருங்க' என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே எனக்கு நரை விழுந்தது. இங்கே ஒரு கூட்டமே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, 'அடுத்து எங்க போகணும்?' என்று. நான் கை காட்டுகிற பக்கம் எல்லாத் தலையும் திரும்புகிறது. போன வாரம் மழை பிடித்துக்கொண்டு பாலத்தடியில் மாட்டிக்கொண்டோம். நான் கதை சொன்னேன். மழை விட்ட பிறகும், 'முடிச்சிட்டுப் போலாம்' என்று அங்கேயே நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பேச எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

அதனால் வர மாட்டேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் வர மாட்டேன். (தலை சுற்றும், நிற்காதீர்கள்.) நான் அடங்கி இருந்த காலம் மலையேறிவிட்டது, கூடவே நானும் ஏறிவிட்டேன். ஆனால் உங்களை விட்டுவிட வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அது வேறு, இது வேறு. நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அதன் பிறகு என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம். வராமலே பிடிக்கவில்லை என்பவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 28

மகாராணிக்கு,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். மிஷின் விஷயத்துக்குப் பதில் எழுத மாட்டேன். ஓடுகிற மிஷினைச் சட்டென்று நிறுத்தினால் பல் கீறிவிடும், அவ்வளவுதான்.

தெருமுனை மாவு மில்காரர் இரண்டு தாடைக்கும் பல் செட் கேட்டிருக்கிறார். பொக்கை வாயில் அவர் பேசுவது அவர் பெண்டாட்டிக்கே புரியவில்லையாம். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். எனக்குப் பல் எல்லாம் கெட்டியாக இருந்தும் சொல் வர மாட்டேன் என்கிறது. பன்னிரண்டாம் தேதி அவர் வேலை முடியும். பதின்மூன்றிலிருந்து கை ஓய்வுதான்.

சாயங்காலமாகிவிட்டது, கிளினிக்குக்குப் போக வேண்டும்.

சரி. வரேன்.


ஏப்ரல் 8

உங்களுக்கு,

ஒரு வார்த்தைதான் கேட்டேன். மாவு மில்காரர் வாயில் பல் இல்லை என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் நன்றாக இருக்கட்டும். என் கேள்விக்குப் பதில் எங்கே? கடைசியில், சாயங்காலம் பல் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போகும்போது வாசலில் சொல்வீர்களே, அதே மாதிரி ஒரு 'சரி, வரேன்'. கடிதத்திலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

காத்திருந்தது போதும். இன்று காலையில் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டு முடித்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள்.

பதினான்காம் தேதி ஒரு கூட்டத்தை மேல் கணவாய்க்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். திரும்பப் பதினேழு ஆகும். மலைக் குடிலில்தான் தங்கல். குளிர் எலும்பைத் துளைக்கும் என்கிறார்கள். துளைக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 17

என்னங்க,

நீங்கள் இங்கே வந்திருந்தீர்களா?

இப்போதுதான் கணவாயிலிருந்து இறங்கினேன். காலில் இன்னும் பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. கேபிள் கார் நிலையத்தில் ஒரு அக்கா இருக்கிறாள், கதவைப் பூட்டித் திறக்கிறவள். கோடையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் அவள் 'கம்பளி அக்கா'. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

'நேத்து ஒரு ஆளு வந்தாரும்மா. டிக்கெட்டக் கையில குடுத்துட்டு என் முகத்தப் பார்க்கல, வாயையே உத்துப் பார்த்தாரு. நான் ஒரு மாதிரியாப் போயிட்டேன். அப்புறம் சொல்றாரு, "உங்க மேல் செட் சரியா உட்காரல. இடது பக்கம் உரசுது, அதனாலதான் நீங்க ஒரு பக்கமாவே மெல்றீங்க"ன்னு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் பல்லு பொய்ப் பல்லுன்னு என் மருமகளுக்குக்கூடத் தெரியாது.'

முன்பின் தெரியாத பொம்பளையின் வாயைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். 'அப்புறம்?' என்றேன். 'வேர்த்து வழிய ஏறினாரு. மேல போயிட்டு வந்து இறங்கினாரு. மறுபடியும் டிக்கெட் வாங்கிட்டு வந்து நின்னாரு. சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. பயந்து சாகறாரு, ஆனா ஏறிக்கிட்டே இருக்காரு. எனக்கென்னமோ மனசு சரியில்லாத ஆளு மாதிரி தெரிஞ்சுது' என்றாள்.

அலுவலகத்துக்கு ஓடினேன். பதினான்காம் தேதி காலையில் ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தாராம். யார் என்று கேட்டதற்கு 'டூரிஸ்ட்' என்றாராம்.

உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். 'பதின்மூன்றிலிருந்து கை ஓய்வு. சரி. வரேன்.' அடப்பாவி மனுஷா! இதுவா பதில்? இது எந்த 'வரேன்' என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இருபத்தாறு வருஷமாக நீங்கள் 'வரேன்' என்று சொன்ன போதெல்லாம் படியிறங்கிப் போய்க்கொண்டுதானே இருந்தீர்கள்!

ஸ்டேஷனில் தனியாக நின்றிருப்பீர்கள். உடனே எழுதுங்கள்.


ஏப்ரல் 16, ரயிலில்

வழிகாட்டி அம்மாவுக்கு,

நீ இவ்வளவு தூரம் போவாய் என்று நான் நினைக்கவில்லை. 'வரேன்' என்று எழுதியிருந்தேன். ஸ்டேஷனுக்கு நீ வரவில்லை. கூட்டமெல்லாம் கலைந்து, பெருக்குகிறவர்கள் வந்து, என் பெட்டியை நகர்த்தச் சொல்கிற வரைக்கும் நின்றேன். அலுவலகத்தில் கேட்டால், 'அவங்க மேல போயிருக்காங்க, பதினேழாம் தேதிதான் இறங்குவாங்க' என்கிறார்கள். புருஷன் வருகிற நாளாகப் பார்த்து மலை ஏறினாய் அல்லவா?

அப்படியே திரும்பியிருப்பேன். பதினாறாம் தேதிக்குத்தான் டிக்கெட். நாலு நாள் என்று நீ எழுதியும் மூன்று நாளுக்குத்தான் போட்டேன், உனக்கு முழுசாக இறங்கிவரக் கூடாது என்று. வேறு வழியில்லாமல் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நீ சொன்னபடியே செய்தேன். ஏரியைச் சுற்றினேன். பாலத்தில் நின்றேன். சந்தையில் குளிர் தாங்காமல் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன், கை நீளம். இன்று கேபிள் கார். 'ஏற மாட்டேன்னு நினைச்சே இல்ல? ஏறிக் காட்டறேன்' என்று மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே ஏறினேன்.

கதவை மூடினார்கள். பெட்டி ஆடிக்கொண்டு கிளம்பியது. கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது. உன் குரல்! நீ எப்போதோ பதிந்து வைத்தது.

'கதவு மூடியாச்சு, இனிமே பயந்து பிரயோஜனம் இல்ல. கீழ பார்க்காதீங்க, எதிர்ல பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும். அவரையே ஒருநாள் இதுல ஏத்தத்தான் போறேன். அவரே ஏறும்போது உங்களுக்கு என்ன?'

பெட்டியே சிரித்தது. பக்கத்தில் இருந்த அம்மா, 'பாவம், எந்தப் புண்ணியவானோ' என்றாள். அந்தப் புண்ணியவான் அவள் தோளில் இடித்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தான்.

எதிரே பார்த்தேன். நீ எதைச் சொன்னாயோ அதெல்லாம் வந்தது. வலது பக்கம் அருவி என்றாய், அருவி. இடது பக்கம் ஒற்றை மரம் என்றாய், மரம். மேலே போனதும் கடைசியில், 'போயிட்டு வாங்க, நல்லா இருங்க' என்றாய். டிக்கெட் வாங்கின ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் 'போயிட்டு வாங்க'. எனக்கு மட்டும் 'போறேன்'.

ஆனாலும் மறுபடி ஏறினேன். பிறகு மறுபடியும். உன் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது, வேறு காரணம் இல்லை. வீட்டில் அந்தக் குரல் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மலைதான் கடைசிவரைக்கும் தெரியவில்லை, ஒரே மேகம்.

ஏப்ரல் 18, வீட்டில்

மேலே இருப்பதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும், நீயும் படி.

கதவைத் திறந்ததும் கீழே உன் எட்டாம் தேதிக் கடிதம் கிடந்தது. என் 'வரேன்'ஐ நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று அப்போதுதான் புரிந்தது. அடியே, நான் 'சரி' என்று எழுதினேனே! நான் சரி என்று சொல்லி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு மூன்று காகிதம் வீணாயிற்று. நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

நீ கையெழுத்துப் போட்டதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பல்பை மாட்டினேன். காலைப் பிடிக்க ஆள் இல்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே மாட்டினேன்.


ஏப்ரல் 25

என் டூரிஸ்டுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் சித்தி மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு தோளில் இடித்துக்கொண்டு வேர்த்த இடத்தைப் படித்துவிட்டு அவளும் நானும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் வந்துவிட்டார்.

இனி அழுகை போதும், காரியத்துக்கு வருகிறேன். என் முடிவு மாறாது. நீங்கள் ஏறியதற்காக நான் இறங்கிவர மாட்டேன். ஸ்பீக்கரில் சொன்னதையும் மாற்ற மாட்டேன், அதற்குத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நீங்கள் யார் என்று கம்பளி அக்காவிடம் சொன்னேன். 'அப்படியா? அப்ப அவரு எப்ப வருவாரு? இங்க பல்லு கட்ட ஆளே இல்லம்மா, பொழுதன்னைக்கும் நான் ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கேன்' என்கிறாள். இந்த ஊர் வயசானவர்களில் பாதிப் பேர் ஆடுகிற பல் செட்டை நாக்கால் அமுக்கிக்கொண்டுதான் பேசுகிறார்கள். உங்களுக்கு வேலை இருக்கிறது என்பதற்காகச் சொல்லுகிறேன். ஆனால் பல்காரரை நான் கூப்பிடவில்லை. என் புருஷனைக் கூப்பிடுகிறேன். வந்தால் அவர்களுக்கு நல்லது. வந்தால் எனக்கு உயிர்.

மூன்று நாளிலேயே போய்விட்டீர்களே, எல்லோரையும் போல! பதினேழாம் தேதி காலையில் மேகம் விலகியது. நான் இறங்கி வந்துகொண்டிருந்தேன். மலை முழுசாக, அடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் நின்றது. ஜன்னலோரம் உங்கள் நாற்காலிதான் காலியாக இருந்திருக்கிறது.

வருவதானால் வெறும் 'வரேன்' எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேதி வேண்டும், வண்டி வேண்டும். மாட்டேன் என்றால் அதையும் நேராக எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன்.

உங்கள் மனைவி


மே 4

மகாராணிக்கு,

பன்னிரண்டாம் தேதி, காலை வண்டி.

மிஷினைப் பிரித்துத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். முதலில் அந்தக் கேபிள் கார் அம்மாவுக்கு இடது பக்கம் தேய்த்துக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். கை நீளமான கம்பளிச் சட்டையை நீதான் மடித்துத் தைக்க வேண்டும். நீ கூப்பிடும்போது மிஷினை நிறுத்துவேன். பல் கீறினாலும் பரவாயில்லை, வேறு பல் செய்துகொள்ளலாம்.

வீட்டுச் சாவியை இன்று பெரியவளிடம் கொடுத்தேன். கிளம்புகிற வரைக்கும் அவள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, படியில் நின்று வீட்டைப் பார்த்து 'போறேன்' என்று சொன்னேன். அவள் பதறிப்போய், 'ஐயோ, என்னப்பா இது, அப்படிச் சொல்லக்கூடாது' என்று என் கையைப் பிடித்தாள்.

'தெரிஞ்சேதான் சொன்னேன்' என்றேன்.

ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு வை. நாலாம் நாள் பாக்கி இருக்கிறது.

வரேன்.